பூக்குற தேதியைப் பிடிச்ச கதை



போன பங்குனி கடைசியில ஒரு நாள். விடியக்காலம் நாலு மணிக்கு நெத்தியில டார்ச் லைட்டைக் கட்டிக்கிட்டு நானும் வீட்டுக்காரியும் பறியாளுங்க நாலு பேரும் மல்லித் தோட்டத்துல இறங்கினோம். 60 சென்ட் தோட்டம். அன்னைக்கு 22 கிலோ மொட்டு. கண்ணு நிறைஞ்சு போச்சு. நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு போனா எனக்கு முன்னாடியே மூட்டை மூட்டையா வந்து கிடக்கு. கிலோ 200 ரூபா. மொத்தம் 4,400. பறிகூலி 1,760, கமிஷன் 440, ஆட்டோவுக்கு 200 போக கையில நின்னது 2,000 ரூபா. உரம், மருந்து, தண்ணி, எங்க ரெண்டு பேரு உழைப்பு எல்லாம் அதுக்குள்ளதான்.

இதே மல்லி மார்கழியில கிலோ 3,000-க்கு மேல போச்சு. அப்போ என் தோட்டத்துல ஒரு நாளைக்குக் கால் கிலோ தேறினா பெரிசு. பூ இருக்கும்போது விலை இல்லை, விலை இருக்கும்போது பூ இல்லை. பூ விவசாயி வாழ்க்கையே இந்த ஒரு வரிதான்.

அன்னைக்கு சாயங்காலம் பட்டாளத்துல இருக்குற என் அண்ணன் மகன் ஸ்ரீநகர்ல இருந்து போட்டோ அனுப்பினான். மலை அடிவாரத்துல சிவப்பு, மஞ்சள், ஊதான்னு பாய் விரிச்ச மாதிரி பூ. போன் பண்ணிக் கேட்டேன். "துலிப் சித்தப்பா. எல்லாம் ஒரு மாசம்தானாம். அப்புறம் வெறுந்தரைதானாம்"னு சொன்னான்.

அட, அங்கயும் நம்ம கதைதானான்னு நினைச்சேன். ஆனா ஒரு சந்தேகம். பிப்ரவரி மாசம் காதலர் தினத்துக்கு டிவியில காட்டுற பூங்கொத்துல இதே துலிப் இருக்கே? ஹாலந்துல வயல்ல துலிப் பூக்குறது ஏப்ரல் மாசம்தான். அப்போ பிப்ரவரிப் பூ எங்கிருந்து வந்தது? அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு கிடைச்சதையெல்லாம் படிச்சேன். படிச்சதை நம்ம பாஷையில இங்க எழுதுறேன்.

துலிப்போட பூர்வீகம் ஹாலந்து இல்லை. நடு ஆசியாவில தியான்ஷான், பாமீர்னு பெரிய மலைகள் இருக்கு. அந்தச் சரிவுகள்ல தானா முளைச்ச காட்டுப் பூ. வெங்காயம் மாதிரி மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கும். அந்தச் சீமையில பனிக்காலம் ஆளைக் கொல்லும். கோடைக்காலம் மண்ணைச் சுட்டு எடுத்துடும். ரெண்டுக்கும் நடுவுல சில வாரம்தான் பதமான வெயிலும் ஈரமும். அதுக்குள்ள இலை விட்டு, பூத்து, அடுத்த வருஷத்துக்குக் கிழங்கும் கட்டிக்கணும். அதனால துலிப் ஒரு பழக்கம் வச்சிருக்கு. நீண்ட குளிர் ஒண்ணைக் கடந்தாத்தான் தண்டை நீட்டும். நடுவுல நாலு நாள் வெயில் அடிச்சா ஏமாந்து வெளிய வராது. வந்தா பின்னாடி வர்ற பனியில செத்துப் போகும்னு அதுக்குத் தெரியும். நம்ம மல்லிக்குப் பனி பகை. துலிப்புக்கோ பனிதான் கடிகாரம்.

அங்கிருந்து அது துருக்கிக்கு வந்தது. உதுமானிய சுல்தான்கள் அதைத் தலையில வச்சுக் கொண்டாடினாங்க. 1718-ல் இருந்து 1730 வரைக்கும் உள்ள காலத்துக்கு அவங்க சரித்திரத்துல 'துலிப் காலம்'னே பேரு. அதுக்கு முன்னாடியே, 1500-களில், கிழங்குகள் ஐரோப்பாவுக்குப் போயிடுச்சு. கரோலஸ் குளூசியஸ்னு ஒரு தாவர அறிஞர் 1593-ல் ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்தார். அவர் நட்ட கிழங்குகள் 1594 வசந்தத்தில் பூத்தன. அவர் கிழங்கை எளிதில் யாருக்கும் கொடுக்க மாட்டார். அதனால தோட்டத்துக்குள்ள புகுந்து திருடிக்கிட்டுப் போனாங்களாம்.

அதுக்கு 40 வருஷத்துக்குப் பிறகு நடந்த துலிப் பைத்தியத்தைப் பத்திச் சிலர் கேள்விப்பட்டிருப்பீங்க. ஒரு கிழங்கு ஒரு வீட்டு விலைக்குப் போன கதை. அதுக்குள்ளயும் இந்தத் தேதிப் பிரச்சினைதான் ஒளிஞ்சிருக்கு. துலிப் கிழங்கை ஜூன் மாசம் தோண்டி எடுத்து, இலையுதிர் காலத்துல திரும்ப நட்டுடணும். அந்த மூணு மாசம்தான் கிழங்கைக் கையில வச்சுப் பார்த்து வாங்க முடியும். மீதி நாளெல்லாம் அது மண்ணுக்குள்ள இருக்கும். அப்போ வியாபாரிங்க என்ன பண்ணாங்க? மண்ணுக்குள்ள கிடக்குற கிழங்கை, வரப்போற ஜூன்ல தர்றேன்னு சீட்டு எழுதி வித்தாங்க. அந்தச் சீட்டைப் பூவைப் பார்க்காமலே இன்னொருத்தன் வாங்கி இன்னொருத்தனுக்கு வித்தான். 1637 பிப்ரவரி முதல் வாரம் ஹார்லெம் ஊர் ஏலத்துல வாங்க ஆள் இல்லை. அவ்வளவுதான், எல்லாம் சரிஞ்சது. பூ எப்பவும் போல வசந்தத்துலதான் பூத்தது. மனுசன்தான் அதுக்கு முன்னாடி அவசரப்பட்டான்.

பைத்தியம் தெளிஞ்ச பிறகும் துலிப் விவசாயம் நிக்கலை. கடலோர மணல் மண் அதுக்கு நல்லா ஒத்துப் போச்சு. ஹார்லெம், லிசே பக்கம் பரம்பரை பரம்பரையா கிழங்கு விவசாயிகள் உருவானாங்க. ஆனா வயல்ல எல்லாப் பூவும் ஏப்ரல்ல ஒண்ணாப் பூக்கும். ஊரே இருட்டாவும் குளிராவும் கிடக்குற டிசம்பர், ஜனவரியில ஒரு பூ கிடைச்சா ஜனங்க என்ன விலையும் கொடுப்பாங்க. அதனால சில பேர் கிழங்கைத் தொட்டியில நட்டு, குளிர்ல கொஞ்ச நாள் வச்சு, அப்புறம் கண்ணாடி வீட்டுக்குள்ள கொண்டு போய்ச் சூடு காட்டினாங்க. ஒரு வருஷம் பூக்கும். அடுத்த வருஷம் அதே மாதிரி பண்ணினா இலை மட்டும் வந்து, மொட்டு உள்ளயே காஞ்சு கிடக்கும். ஏன்னு தெரியாது. ராசி, கைராசின்னு நம்ம ஊர் மாதிரிதான் பேசியிருப்பாங்க.

முதல் துப்பு, துலிப் மாதிரியே கிழங்குல வளர்ற ஹயசிந்த்ங்கிற பூவுல கிடைச்சது. லிசே ஊரைச் சேர்ந்த நிக்கோலாஸ் டாமஸ், கிழங்குத் தொழிலில் ஊறினவர். 1910 வாக்கில் அவர் கண்ட வழி இது: தோண்டின கிழங்கைச் சும்மா கொட்டகையில போடாம, கோடையில கணக்கா வெதுவெதுப்பு காட்டி வச்சா, அது கிறிஸ்துமஸ் சமயத்துலயே பூக்கத் தயாராகுது. அதாவது பூவோட தேதி தொட்டியில நடும்போது முடிவாகலை. அதுக்கு ரொம்ப முன்னாடி, மண்ணு இல்லாம வெறும் தட்டுல கிழங்கு தூங்குற காலத்துலயே முடிவாகுது.

இதை முழுசா அவிழ்த்தது வாகெனிங்கன் வேளாண் கல்லூரியில இருந்த ஆன்டன் ஹென்ட்ரிக் பிளாவ் என்ற பேராசிரியர். அவர்கூட இடா லூய்டன், ஆனி ஹார்ட்செமான்னு ரெண்டு பெண் ஆராய்ச்சியாளர்கள். 1920-களில் அவங்க செஞ்ச வேலை என்னை ரொம்பப் பாதிச்சது. ஒரே ரகக் கிழங்கைப் பல அறைகள்ல, ஒவ்வொரு அறையிலயும் ஒவ்வொரு வெப்பத்துல வச்சாங்க. குறிச்ச நாளைக்குச் சில கிழங்கை எடுத்து, வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிச்சு, நடு மொட்டைப் பூதக்கண்ணாடிக்கு அடியில வச்சுப் பார்த்தாங்க. பார்த்ததைப் படம் போட்டாங்க. வாரா வாரம், வருஷா வருஷம் இதே வேலை.

உள்ள என்ன தெரிஞ்சது? ஜூன்ல தோண்டும்போது கிழங்குக்குள்ள பூவே இல்லை. இலைக்கான குருத்து மட்டும்தான். கோடைக் கொட்டகையில, வெளிய இருந்து பார்த்தா செத்த மாதிரி கிடக்குற நாள்லதான் உள்ள பூ உருவாகுது. முதல்ல வெளி இதழ் மூணு, அப்புறம் உள் இதழ் மூணு. அடுத்து மகரந்தத் தண்டு மூணு, இன்னும் ஒரு மூணு. கடைசியா நடுவுல முக்கோணமா சூலகம். இந்தக் கடைசிக் கட்டத்துக்கு 'ஜி' நிலைன்னு பேர் வச்சாங்க. மொத்தப் பூவும் ஒரு கடுகு அளவுக்குள்ள ரெடி.

அதுக்கப்புறம்தான் குளிர் வேணும். 'ஜி' நிலை வர்றதுக்கு முன்னாடி குளிர்ல வச்சா உள்ள இருக்குற பூ அரைகுறையா நின்னு போகும். முன்னாடி ஆளுங்க ஒரு வருஷம் ஜெயிச்சு ஒரு வருஷம் தோத்ததுக்குக் காரணம் இதுதான். பூ உருவாக 17-ல் இருந்து 20 டிகிரி, உருவான பிறகு சுமார் 9 டிகிரி. இந்தக் கணக்கை 1925-லும் 1930-லும் கட்டுரையா வெளியிட்டாங்க. குளிர்ல இருக்கும்போது கிழங்குல இருக்குற மாவுச்சத்து சர்க்கரையா மாறுது, தண்டு நீளத் தயாராகுது. குளிர் காட்டாம வெயிலுக்குக் கொண்டு போனா தண்டு குட்டையா நின்னு, இலைக்கு நடுவுலயே மொட்டு கருகிடும்.

இந்த அறிவு வந்த பிறகு விவசாயி கணக்கைத் திருப்பிப் போட்டான். முன்னாடி எல்லாம் நட்ட நாள்ல இருந்து எண்ணினான். இப்போ விக்கிற நாள்ல இருந்து பின்னாடி எண்ணினான். ஒரு உதாரணம் சொல்றேன். டிசம்பர் 20-ஆம் தேதி பூ சந்தைக்கு வேணும். கண்ணாடி வீட்டுல 16, 18 டிகிரியில பூக்க மூணு வாரம் ஆகும். அப்போ நவம்பர் 29-ஆம் தேதி உள்ள போகணும். அதுக்கு முன்னாடி 15 வாரம் குளிர். அப்போ ஆகஸ்ட் 16-ஆம் தேதி குளிர் அறைக்குள்ள போகணும். அன்னைக்கு 'ஜி' நிலை முடிஞ்சிருக்கணும். அதுக்காக ஜூன் கடைசியில தோண்டினதும் ஒரு வாரம் 34 டிகிரி சூடு காட்டி உள்வேலையை முடுக்கி விடுவாங்க. ரகத்துக்கு ரகம் வாரக்கணக்கு மாறும். அதனால இன்னைக்கும் நல்ல விவசாயி குளிர் அறைக்குள்ள அனுப்புறதுக்கு முன்னாடி நாலு கிழங்கை அறுத்துப் பார்த்துட்டுத்தான் அனுப்புறான். நாள்காட்டியை மட்டும் நம்புறதில்லை.

முன்னாடி கொண்டு வர்ற மாதிரியே பின்னாடி தள்ளவும் கத்துக்கிட்டாங்க. கிழங்கை நட்டு வேர் விட்ட பிறகு, பெட்டியோட பூஜ்ஜியத்துக்கு ஒண்ணு ரெண்டு டிகிரி கீழ உறைய வச்சிடுவாங்க. பல மாசம் கழிச்சு, வயல்ல துலிப்பே இல்லாத இலையுதிர் காலத்துல எடுத்து மெதுவா உருக்கினாலும் பூக்கும். 'ஐஸ் துலிப்'னு அதுக்குப் பேரு.

எல்லாம் கணக்காப் பண்ணியும் ஒரு மர்மம் பாக்கி இருந்தது. சில கிடங்குல மொத்தக் கிழங்கும் நல்லா இருக்கும், ஆனா பூ மட்டும் உள்ளயே செத்துப் போகும். 1970-களில் அதுக்கும் விடை கண்டாங்க. பூஞ்சை பிடிச்சு அழுகின கிழங்கு எத்திலீன் வாயுவை விடுது. மாம்பழத்தைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். மூடின அறைக்குள்ள அது பரவி மத்த கிழங்குல இருக்குற பூவைக் கொல்லுது. அழுகின கிழங்கைப் பொறுக்கி எறி, காத்தோட்டம் வை. மருந்து அவ்வளவுதான். வெங்காயப் பட்டறை போடுற நம்ம ஆளுங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதுல ஒரு விலையும் இருக்கு. பூக்கத் தேவையான சாப்பாடு மொத்தமும் போன வருஷமே கிழங்குல சேர்ந்திருக்கு. அதனாலதான் மண்ணே இல்லாம வெறும் தண்ணித் தட்டுல வச்சும் இன்னைக்கு துலிப் பூக்க வைக்கிறாங்க. அது எவ்வளவு சாப்பாடுன்னு தெரியணும்னா, இரண்டாம் உலகப் போர்ல 1944-45 பனிக்காலப் பஞ்சத்துல ஹாலந்து ஜனங்க துலிப் கிழங்கை அவிச்சுத் தின்னுதான் உயிரைப் பிடிச்சாங்க. இப்படித் தேதிக்குப் பூக்க வச்ச கிழங்கு வத்திப் போயிடும். பெரும்பாலும் குப்பைக்குத்தான். அதனால கிழங்கு வளர்க்க ஒரு விவசாயி, பூக்க வைக்க ஒரு விவசாயின்னு தொழிலே ரெண்டாப் பிரிஞ்சது. குளிர் அறை, கண்ணாடி வீடு, அதுக்குக் கரண்ட், கேஸ் எல்லாம் காசு.

இப்போ ஆம்ஸ்டர்டாம்ல வருஷா வருஷம் ஜனவரி மூணாவது சனிக்கிழமை துலிப் திருநாள் கொண்டாடுறாங்க. சுமார் 2 லட்சம் பூவை அங்க அடுக்கி வச்சு, வர்ற ஜனங்க இலவசமாப் பறிச்சுக்கிட்டுப் போகலாம். வெட்டுப் பூ பருவம் ஆரம்பிச்சிடுச்சுன்னு விவசாயிகளே சொல்ற விளம்பரம் அது. வயல்ல அன்னைக்கு ஒரு பூ கூட இருக்காது.

நம்ம நாட்டுக்கு வந்தா, அண்ணன் மகன் பார்த்த தோட்டம் ஸ்ரீநகர்ல தால் ஏரிக்குப் பக்கம், ஜபர்வான் மலை அடிவாரத்துல இருக்கு. அங்க குளிரை இயற்கையே கொடுக்குது. கிழங்கை இலையுதிர் காலத்துலயே நட்டுடுவாங்க. முன்னாடி பூக்குற ரகம், நடுவுல பூக்குறது, பின்னாடி பூக்குறதுன்னு கலந்து நட்டுத்தான் அந்த ஒரு மாசத்தையே இழுக்குறாங்க. டெல்லியில அந்தக் குளிர் கிடையாது. அதனால ஹாலந்துலயே குளிர் காட்டின கிழங்கை வரவழைச்சு டிசம்பர்ல நட்டு, பிப்ரவரியில ரோட்டோரம் பூக்க வைக்கிறாங்க. நம்ம ஊருக்கு துலிப் வேண்டவே வேண்டாம். நான் யாரையும் நடச் சொல்லலை.

ஆனா இந்தக் கதை என்னைச் சும்மா விடலை. ஏன்னா மூணு வருஷத்துக்கு முன்னாடி நானே ஒரு கூத்து பண்ணேன். மல்லிக்குக் கார்த்திகையில கவாத்து பண்றது எங்க அப்பா காலத்து வழக்கம். ஒரே நாள்ல ஆள் விட்டு மொத்தத் தோட்டத்தையும் வெட்டிடுவார். முன்னாடியே வெட்டினா முன்னாடியே பூக்கும், தை முகூர்த்த விலையைப் பிடிச்சிடலாம்னு நான் ஐப்பசியிலயே மொத்தத்தையும் வெட்டினேன். யாரையும் கேட்கலை, செடியையும் பார்க்கலை. வெட்டின நாலாம் நாள் பிடிச்ச மழை பத்து நாள் விடலை. வெட்டுவாய் எல்லாம் கறுத்து, வந்த துளிரும் வெம்பிப் போச்சு. தையிலயும் பூ இல்லை, பங்குனியிலயும் பாதிதான். அந்த வருஷம் வீட்டுக்காரி தோடு அடகுக்குப் போனது. திருப்ப ரெண்டு வருஷம் ஆச்சு.

அன்னைக்கு மழையைத் திட்டினேன். இப்போ யோசிச்சா தப்பு எங்கன்னு தெரியுது. நான் தேதியை மட்டும் பார்த்தேன், செடிக்குள்ள பார்க்கலை. ஹாலந்துக்காரன் துலிப்புக்கு உத்தரவு போட்டு ஜெயிக்கலை. அது எதுக்காகக் காத்துக்கிட்டு இருக்குன்னு உரிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சு, அதைக் கொண்டு போய்க் கொடுத்தான். பொய்யாத் தெரிஞ்சாலும் அதுக்கு ஒரு முழுக் கோடையையும் ஒரு முழுப் பனிக்காலத்தையும் ஒழுங்காக் கொடுத்தான். அதைக் குறைச்சா அது சரியாப் பூக்கலை. தேதியைப் பிடிக்கிறதுங்கிறது செடியோட கணக்கைச் சுருக்குறது இல்லை, அந்தக் கணக்கை முழுசாத் தெரிஞ்சுக்கிறது.

மல்லி துலிப் இல்லை. அதுக்குக் கிழங்கும் இல்லை, குளிர் அறைக்குள்ள வைக்கவும் முடியாது. ஆனா ஒரு நோட்டு வாங்க முடியும். வர்ற கார்த்திகையில 60 சென்ட்டை மூணு பங்காப் பிரிச்சு, பத்து நாள் இடைவெளியில கவாத்து பண்ணப் போறேன். ஒவ்வொரு பங்குலயும் என்னைக்கு வெட்டினேன், என்னைக்குத் துளிர் வந்தது, என்னைக்கு முதல் மொட்டு, மழை எப்போ, பனி எப்போன்னு எழுதி வைக்கப் போறேன். "மூணு தடவை ஆள் கூலி கொடுக்கணுமே"ன்னு வீட்டுக்காரி சொல்றா. நியாயம்தான். தோடு விஷயம் அவளுக்கு மறக்கலை. அதனால முதல் பங்கை நாங்க ரெண்டு பேருமே வெட்டிக்கிறதா பேசி முடிச்சிருக்கோம்.

இதுல கிலோ 3,000 கிடைச்சிடும்னு நான் கனவு காணலை. ஊரே ஒண்ணாப் பூக்குற நாள்ல என் பூவுல மூணுல ஒரு பங்காவது பத்து நாள் தள்ளி நின்னா, அதுவே எனக்குப் போதும். பிளாவ் பேராசிரியருக்கு ஒரு கிழங்கோட மனசு புரிய வருஷக்கணக்கா ஆச்சு. நான் பத்தாவது படிச்சவன். எனக்கு ஒரு நாலு வருஷம் ஆகட்டுமே.

ஏற்கனவே பிரிச்சுக் கவாத்து பண்ணின அனுபவம் யாருக்காவது இருந்தா சொல்லுங்க. நோட்டுல முதல் பக்கத்துல அதை எழுதிக்கிறேன்.